உப்புக்கோளின் கடைசிப் பாகம்

காப்பி நன்றாக இருக்கிறது, ஐயா. சர்க்கரை கொஞ்சம் தூக்கல், எனக்கு அப்படித்தான் பிடிக்கும். பேக்கரியில் நிற்கிறவர்களுக்கு இனிப்பு அலுத்துவிடும் என்பார்கள். எனக்கு அலுத்ததில்லை.

நீங்கள் என் தங்கையைப் பற்றிக் கேட்கிறீர்கள். நான் அந்தப் புத்தகத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். எழுதிய அம்மாள் கடைசிப் பாகத்தை ஒழுங்காக முடித்திருந்தால் நான் இங்கே உட்கார்ந்திருக்கவே மாட்டேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

'உப்புக்கோள்' என்று ஒரு தொடர். வளர்ந்த பிள்ளைகள் படிக்கிற விண்வெளிக் கதை. பாழாய்ப்போன பூமியிலிருந்து ஒரு கப்பல் நிறையச் சிறுவர்களை அனுப்பிவிடுகிறார்கள். கப்பலுக்குள் காற்று கெட்டுப்போகிறது, எல்லோர் முகத்திலும் குழாய் வைத்த முகமூடி. உப்புக்கோளில் இறங்கினால் கழற்றிவிடலாம் என்று நேவா என்ற பெண்ணுக்கு முதல் பாகத்திலேயே வாக்குக் கொடுக்கிறார்கள். அந்தப் பாகம் வந்தபோது என் தங்கை விலியானா பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். அதே ஆண்டுதான் அவள் நுரையீரல் சுருங்க ஆரம்பித்தது. பள்ளி நின்றது, வீட்டுக்கு ஆக்சிஜன் இயந்திரம் வந்தது, மூக்கில் குழாய் ஏறியது. நேவாவை அவளுக்கு ஏன் அவ்வளவு பிடித்தது என்று நான் விளக்க வேண்டியதில்லை.

நம் வீடுகளில் நோயாளியின் காதில் கெட்ட செய்தி போடுவதில்லை. உங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருக்கும். அப்பாவுக்குப் புற்றுநோய் என்பதை டாக்டர் அம்மாவிடம்தான் சொன்னார். அப்பா வயிற்றுப்புண் என்று நம்பிக்கொண்டே போய்ச் சேர்ந்தார். அம்மாவும் போன பிறகு அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. நுரையீரல் மாற்றுவதற்குக் காத்திருப்போர் வரிசையிலிருந்து விலியானாவின் பெயரை எடுத்துவிட்டார்கள், உடம்பு தாங்காதாம். வீட்டுக்கு வந்து, "வரிசை நகருது, கண்ணு" என்றேன். அவள் சிரித்தாள்.

புத்தகத்திலும் அதே முறைதான். தடிப் புத்தகத்தைப் பிடித்துக்கொள்ள அவள் கைகளுக்குத் தெம்பில்லை. முதலில் நான் படித்துவிடுவேன், பிறகு அவளுக்கு வாசிப்பேன். மூன்றாம் பாகத்தில் நேவாவின் தம்பி செத்துப்போகிறான். என் வாசிப்பில் அவன் வேறொரு கப்பலுக்கு மாறிப்போனான். நான்காம் பாகம் முழுக்க அவனிடமிருந்து அவளுக்குச் செய்தி வந்துகொண்டிருக்கும்படி பார்த்துக்கொண்டேன். லேசான வேலை என்று நினைக்காதீர்கள்.

ஐந்தாம் பாகத்துக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தோம். "அது வர்ற வரைக்கும் நான் சாக மாட்டேன்க்கா, நீ பயப்படாத" என்று விலியானா கேலி பண்ணுவாள். ஒருவழியாக நம் மொழியிலும் வந்தது. வாங்கிய அன்றே பேக்கரியில் மாவு மூட்டை மேல் உட்கார்ந்து படித்து முடித்தேன்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்பார்களே, அதுதான். உப்புக்கோளின் காற்று மூச்சுவிட லாயக்கில்லையாம். நேவா அந்த மண்ணில் கொஞ்ச நேரம் நிற்கிறாள், கப்பலுக்குத் திரும்புகிறாள், ஒழுகுகிற குழாய் ஒன்றை அடைக்கிறாள். அப்புறம் முகமூடியோடே வாழ்ந்து கிழவியானாள் என்று ஒரு வரி. அவ்வளவுதான், முற்றும். இத்தனை வருடம் நம்பவைத்துக் கழுத்தை அறுத்துவிட்டாள் அந்தப் பெண்பிள்ளை. எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அன்று அடுப்பிலிருந்த பாலாடைக்கட்டி வைத்த பனீட்சா முழுவதும் கருகிப்போய் முதலாளியிடம் திட்டு வாங்கினேன்.

வேறு முடிவை வாசித்துவிட்டுப் போயிருக்கலாமே என்பீர்கள். யோசிக்காமல் இருப்பேனா? இந்த முறை ஊரே அந்தப் புத்தகத்தைத் திட்டிக்கொண்டிருந்தது. இன்றில்லாவிட்டால் நாளை யாராவது அவளிடம் உளறிவிடுவார்கள். மேல்மாடியில் காலின் இருக்கிறானே, அவளோடு பள்ளியில் படித்தவன், வாரம் தவறாமல் வந்து உட்காருவான். அவன் வாய்க்குப் பூட்டே கிடையாது. முடிவு தெரிந்த பிறகு அவளுக்கு என்ன மிச்சம் இருக்கும்? வரிசையில் பெயரும் இல்லை. ஏமாந்து, மனம் வெந்து அவள் சாவதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். என்னால் முடியாது, ஐயா. அவளை அவ்வளவு நேசித்தேன்.

ஒரு ஞாயிறு மதியம். வெள்ளரிக்காய் போட்ட தயிர் சூப் வைத்தேன், அவளுக்கு உயிர். தலை வாரிவிட்டேன். பிறகு கடைசி அத்தியாயத்தை எடுத்தேன். என் முடிவில் கப்பலின் கதவு திறக்கிறது, வெளியே மழை பெய்து ஓய்ந்த காற்று, நேவா முகமூடியைக் கழற்றி எறிகிறாள். நானே சொல்லக்கூடாது, நன்றாக வந்திருந்தது.

விலியானா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அக்கா, அதுல அப்படியா இருக்கு?"

"ஆமாண்டி."

"இன்னொரு தடவ படி. அதுல இருக்கிறத படி."

அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். மறுபடியும் என் முடிவையே வாசித்தேன். நேவா கழற்றுகிற இடம் வந்ததும் இயந்திரத்தை நிறுத்தினேன், மூக்கிலிருந்த குழாயை எடுத்தேன். இயந்திரம் கொஞ்சம் கத்திவிட்டு ஓய்ந்தது. அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். இழுத்தாளா என்று கேட்கிறீர்கள். அந்தப் பெண்ணுக்கு இழுக்க ஏது பலம்? பிடித்துக்கொண்டாள், அவ்வளவுதான். அந்தக் கை தளரும்வரை நான் வாசிப்பதை நிறுத்தவில்லை.

கரண்ட் போய்விட்டது என்று டாக்டரிடம் சொன்னேன், நம்பினார். அவள் படம் போட்ட மரண அறிவிப்பைக் கட்டடத்தின் வாசல் கதவில் ஒட்டினேன். வந்தவர்களுக்கு முறைப்படி, செத்தவர் பேரில் கொடுக்கிற வேகவைத்த கோதுமையைக் கொடுத்தேன். காலின் மட்டும் வாங்கிக்கொள்ளவில்லை. அந்த நேரத்தில் கரண்ட் போகவே இல்லை, லிஃப்டில்தான் ஏறி வந்தேன் என்று சொன்னான். பிறகு உங்களிடம் வந்திருக்கிறான்.

அவன் உங்களிடம் சொன்னதை நேற்று எனக்கு வாசித்துக் காட்டினீர்கள். ஆங்கிலத்தில் வெளியான உடனே அந்தப் புத்தகத்தை அவள் கைபேசியில் ஏற்றிக் கொடுத்தானாம். நான் கடையில் வாங்குவதற்கு வெகுநாள் முன்பே அவள் படித்து முடித்திருந்தாளாம். நேவாவின் தம்பி செத்ததும் தெரியுமாம். வரிசையில் பெயர் இல்லாததும் தெரியுமாம். அவனிடம் சொன்னாளாம்: "இத எழுதின அம்மா ஒருத்திதான்டா எங்கிட்ட பொய் சொல்லல. நேவா குழாயோடயே கிழவியாயிட்டா, பாத்தியா? நானும் ஆவேன். எங்க அக்காகிட்ட மட்டும் சொல்லிடாத. பாவம், அவ தாங்க மாட்டா."

இதை நான் நம்பவில்லை. காலினுக்கு அவள் மேல் ஒரு இது உண்டு, அதனால் கதை கட்டுகிறான். மற்றதெல்லாம் நீங்கள் எழுதியிருப்பது போலத்தான். என் தங்கையை நான்தான் கொன்றேன், வேறு யாருக்கும் இதில் பங்கில்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள். ஆனால் புத்தகத்திலிருந்த அந்த முடிவு அவளுக்குப் பிடித்திருந்தது, அவளுக்கு வாழ ஆசை இருந்தது என்று மட்டும் என்னிடம் சொல்லாதீர்கள். அப்படி இருந்திருந்தால் முதலில் என்னிடம்தான் சொல்லியிருப்பாள். எங்கள் இருவருக்குள் ஒளிவுமறைவே கிடையாது.