வெட்டியெடுத்த துண்டு நல்லாயிருக்காம்

பழத்தைக் கீழ வைங்க டாக்டர் தம்பி, மேஜை பூரா மருந்துதான். சந்தோஷமான சேதின்னு சொல்லிக்கிட்டே உள்ள வர்றீங்க. யாருக்குச் சந்தோஷம்னு சொல்லலையே.

இருங்க, மூச்சு வாங்கிக்கிறேன். இந்த ஆக்சிஜன் மெஷின் போடுற சத்தத்துல ஒண்ணும் கேக்காது. கொஞ்சம் உரக்கப் பேசுங்க.

அந்த ஆராய்ச்சி மாத்திரையா? ஞாபகம் இல்லாம என்ன? மீன் மார்க்கெட்டுல ஏலம் விட்டவ நான். வாயத் தொறந்தா கடைசிக் கூடைக்காரன் வரைக்கும் கேக்கும், மைக்கெல்லாம் கெடையாது. அப்பேர்ப்பட்டவதான் மூச்சு முட்டி உங்க ஆஸ்பத்திரில வந்து விழுந்தேன். நுரையீரல் உள்ளுக்குள்ளயே தழும்பாகிக்கிட்டு வருது, பஞ்சாட்டம் இருக்க வேண்டியது தோலாட்டம் தடிச்சுப் போகுதுன்னு சொன்னது நீங்கதான். என்ன ரகம்னு பாக்க ஒரு துண்டு வெட்டி எடுக்கணும், அதுக்கு முன்னாடி ரெண்டு வாரம் இந்த மாத்திரையச் சாப்பிடுங்க, கிரீன் டீல இருக்கிற சத்துதான், ஆராய்ச்சிக்குன்னீங்க. சாப்பிட்டேன். ஒரு வேளை தவற விடல. வெட்டுனீங்க.

இப்ப வந்து, மாத்திரை சாப்பிட்டவங்க துண்டுல தழும்பு போடுற வேலை அடங்கியிருக்கு, வீக்கமும் கொறஞ்சிருக்கு, உங்க துண்டும் அதுல ஒண்ணுங்கறீங்க. கேக்க நல்லாத்தான் இருக்கு. தேறுன துண்டு உங்க பாட்டில்ல கெடக்கு. தேறாதது பூரா எனக்குள்ள கெடக்கு. வெட்டுன கையோட மாத்திரையையும் நிறுத்திட்டீங்களே.

தலையக் குனிஞ்சுக்காதீங்க. உங்களத் திட்டல. இல்ல, திட்டத்தான் செய்றேன், கேட்டுக்கங்க.

ஆமா, ஆராய்ச்சி அத்தோட முடிஞ்சிருச்சு. அதுக்கு மேல குடுக்க அனுமதி இல்ல. ரொம்ப நாள் குடுத்தா கல்லீரலக் கெடுத்தாலும் கெடுக்கும். எல்லாம் சரிதான். உங்க பக்கம் எல்லாமே சரியாத்தான் இருக்கு, எனக்குத்தான் பாத்ரூம் வரைக்கும் நடக்க முடியல.

நான் கிரீன் டீ மாத்திரை சாப்பிட்ட சேதி அப்பவே எப்படியோ வெளிய போயி, ஊரே டீத்தூளோட வருது. மேல் மாடிக்காரி ஒரு டப்பா. கொழுந்தன் பொண்டாட்டி ஒரு டப்பா, எலுமிச்சம்பழம் புழிஞ்சு குடிங்கக்கா, ஒரே மாசத்துல மலையே ஏறலாம்ங்கறா. எனக்கு மலை எதுக்குடி, கட்டில்லருந்து எறங்குனா போதும்னேன்.

பாத்தீங்களா, நீங்களே சொல்றீங்க. மாத்திரைல அடைச்சது வேற, கோப்பையில குடிக்கிறது வேற, குடிச்சா இந்த நோவு போயிடும்னு யாரும் நிரூபிக்கல. இத எங்கண்ணன்கிட்ட சொல்லுங்க. நான் குடிக்க மாட்டேன்னதும் மூஞ்சிக்கு நேரா சொல்றாரு, ஒனக்குப் பொழைக்கணும்னு ஆசையில்ல, ஒன் நோவுக்கு நீதான் காரணம்னு. கூடப் பொறந்தவரு. டம்ளரத் தூக்கி எறிஞ்சேன். அந்தச் செவுத்துல கறை தெரியுது பாருங்க. எறிஞ்சுட்டு நான் பட்ட பாடு இருக்கே, திட்ட வாய் வரல, நெஞ்சு அடைச்சுக்கிச்சு. அவர்தான் முதுகு நீவி விட்டாரு. கோவப்படக்கூடக் காத்து வேணும் தம்பி.

என்னது, மறுபடியும் ஆள் சேக்குறீங்களா? இந்தத் தடவை நெறைய நாள் குடுத்துப் பாக்கப் போறீங்களா.

என்னையச் சேப்பீங்களா?

ம். சொல்லுங்க, முழுங்காதீங்க. மூச்சு இவ்வளவு கொறஞ்சவங்களுக்கு எடமில்ல. ஆரம்பத்துல இருக்கிறவங்களுக்கு மட்டும்தான். என் துண்டு ஆகும், நான் ஆக மாட்டேன். நல்ல நியாயம். மார்க்கெட்டுல இப்படி ஒருத்தன் ஏலம் கேட்டிருந்தா கூடையத் தலையிலயே கவுத்திருப்பேன்.

எந்திரிக்காதீங்க, உக்காருங்க. நான் பேசி முடிக்கல.

என் மக வர்ற நேரம் இது. கொரியர் ஆபீஸ்ல இருக்கா, ஒரே பொண்ணு. கீழ கேட்டு தொறந்த சத்தம் கேட்டுச்சா? இப்ப ஏறி வருவா. நடுப் படியில நிப்பா பாருங்க. ஏன்டி நின்னேன்னு கேட்டா, போன் பாத்தேன்னு சொல்லுவா.

நின்னுட்டா.

அந்த இருமலக் கேட்டீங்கள்ல. சளி இல்ல, வெறும் வறட்டு இருமல். ஆபீஸ் தூசின்னு நெனச்சுக்கிட்டிருக்கா. எங்கம்மாவுக்கும் இப்படித்தான் இருந்துச்சு. எனக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுச்சு. சில குடும்பத்துல வழிவழியா வரும்னு அன்னைக்கு நீங்கதான சொன்னீங்க.

ஆரம்பத்துல இருக்கிறவங்கள எடுப்போம்னீங்களே தம்பி. ஏதாவது சாக்கு சொல்லி அவ முதுகுல அந்த ஸ்டெத்த வச்சுப் பாருங்க. நான் கேட்டேன்னு தெரிய வேணாம்.