ஓக் மர வாசம்

ஒரு சமூகத்தின் நாகரிகத்தை அதன் நாக்கு நுனியில் அளந்துவிடலாம் என்பது என் உறுதியான கொள்கை. என் நாக்கு நுனியில் பெரும்பாலும் வெற்றிலைச் சுண்ணாம்பு சுட்ட புண்தான் இருக்கும். மூக்கும் பதினெட்டு வருடப் பொடியில் செத்துப்போயிருந்தது. இருந்தும் பினாங்குத் தமிழர்களில் ஒயின் தெரிந்தவன் யார் என்று கேட்டால், பீச் ஸ்திரீட் மதுபானக் கிடங்கில் கணக்கெழுதும் தலைமைக் கிராணி திருநாவுக்கரசு என்றுதான் சொல்வார்கள். அந்தப் பெயரை நான் எடுத்தது யூசுபின் மூக்கால்.

யூசுப் எங்கள் தமிழர் சங்கத்துச் சமையற்காரர். ஐந்து வேளை தொழுகிறவர். ஒரு சொட்டு குடித்ததில்லை. "மோந்து பாக்குறது பாவமில்லண்ணே, முழுங்குனாத்தான்" என்பார். நான் கொண்டுபோகும் குப்பியை அடுப்படியில் முகர்ந்து, "இதுல கராம்பு தூக்கலா இருக்கு. மீனோட சேராது. ஆட்டுக் குருமா வெக்கிறேன்" என்பார். நான் கூடத்துக்கு வந்து அதையே இங்கிலீஷில் சொல்வேன்.

1931இல் ஸ்பெயின் தேசத்து ரியோஹா சிவப்பு ஒயின் மூன்று குப்பி வந்தது. ஞாயிறு மதியம் சங்கத்தில் விருந்து. அடுத்த தலைவர் யார் என்று அன்று முடிவாக வேண்டும். என்னோடு போட்டியிட்டவர் கோர்ட்டு மொழிபெயர்ப்பாளர் சந்திரசேகரன், லண்டன் போய்வந்தவர்.

சிவப்பு ஒயினைக் காற்றாட விடவேண்டும் என்று படித்திருந்தேன். அடுத்த வீட்டு நாற்காலிப் பட்டறையில் ஒரு கண்ணாடி ஜாடி இரவல் வாங்கினேன். அடியில் நாலு விரல் அளவு தெளிவாக ஏதோ நின்றது. கழுவிய தண்ணீர் என்று நினைத்தேன். எட்டுப் பேருக்குக் காணட்டும் என்று ஒயினை அதன்மேலேயே ஊற்றினேன்.

ஸ்பெயினின் வெயிலே திரவமாகி வந்திருக்கிறது என்று கால்மணி நேரம் பேசி, எல்லாருக்கும் ஊற்றியும் ஆயிற்று. அப்போதுதான் யூசுப் குருமாவோடு வந்தார். ஜாடி அருகே நின்றவர் என் காதில் சொன்னார்: "அண்ணே, இது நாக்காலி பாலீசு ஸ்பிரிட்டு. யாரையும் குடிக்க விடாதீங்க." நான் தடுத்துவிடுவேன் என்று நம்பி அடுப்படிக்குத் திரும்பினார்.

யோசித்தேன். பேசிய பேச்சைத் திரும்ப வாங்க வழி தெரியவில்லை.

"என்ன ஓய், பேரே திருநாவுக்கரசு. புது நாக்காலி வாசம் அடிக்குதே?" என்றார் சந்திரசேகரன்.

"அதான் ஓக் மரம். மூணு வருஷம் பீப்பாயில கெடந்தது. லண்டன்ல குடிச்சிருப்பீரே."

ஏழு பேர் அவரைப் பார்த்தார்கள்.

"ஆமாமா. அங்கேயும் இதே வாசம்தான்."

அதை நிரூபிக்க மூன்று கிளாஸ் குடித்தார். மற்றவர்கள் உதட்டை நனைத்து, தலையாட்டிவிட்டுக் குருமாவுக்குப் போய்விட்டார்கள்.

மறுநாள் காலை சந்திரசேகரன், ஜன்னலை ஏன் திறக்கவில்லை என்று மனைவியைக் கேட்டிருக்கிறார். ஜன்னல் திறந்துதான் இருந்தது. மூன்றாம் நாள் இறந்தார். தலைவர் பதவிக்குப் போட்டி இல்லாமல் போயிற்று.

விஷம் கலந்ததாக யூசுப் மேல் வழக்கு வந்தது. கோர்ட்டில் நான் சொன்னவை அத்தனையும் உண்மை. ஜாடி அருகே யூசுப் நின்றார். குடி அவருக்குப் பிடிக்காது. அதில் இருப்பது ஸ்பிரிட் என்று முதன்முதலில் சொன்னவரும் அவர்தான். அதை அவர் எப்போது சொன்னார், ஜாடி பட்டறையிலிருந்து வந்தது எப்படி என்று யாரும் என்னைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. "மோந்து கண்டுபுடிச்சேன் தொரை" என்றார் யூசுப். கோர்ட்டு சிரித்தது. குடிக்காதவனுக்கு ஒயின் வாசம் பிடிபடுமா என்று நிபுணனான என்னைக் கேட்டார்கள். பிடிபடாது என்றேன். கலந்தவனுக்குத்தான் தெரியும் என்று அவர்களே முடிவுசெய்துகொண்டார்கள். பத்து வருடம் போட்டார்கள். இரண்டாம் வருடம் சிறையிலேயே இறந்துபோனார்.

செத்துப்போன என் மூக்கில் இப்போது ஒரே ஒரு வாசம் மட்டும் வருகிறது. சோற்றில், தலையணையில், சாமிக்குப் போடும் பூவில், எல்லாவற்றிலும் பாலீஷ்.

யூசுபின் மனைவி ஆசியா பீவி போன வாரம் கிடங்குக்கு வந்தார். திட்டுவார் என்று எழுந்து நின்றேன்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும்ணே. அவரு மோந்து மட்டுந்தானே பாத்தாரு? நாக்குல படலையே?"

"படலம்மா."

"அது போதும்லா" என்று போய்விட்டார்.

அதனால்தான் எழுதுகிறேன். அன்று என் கிளாசைக் காலிசெய்தும் எனக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை என்று நீதிபதி கேட்டார். பழகிய உடம்பு என்றேன், பாராட்டினார். ஒயின் எனக்கு வயிற்றைக் கலக்கும். சங்கத்தில் சேர்ந்த நாள் முதல் என் கிளாசில் இருந்தது ரோஜா சிரப்பு.