ஏரித் தண்ணீரில் எழுப்பிய வலைக்கூடம்

மேடையில் அமர்ந்திருக்கும் கிராமத் தலைவர் துளசிங்கம் அவர்களே, பொன்னேரியிலிருந்து வந்திருக்கும் கல்லூரி ஆசிரியப் பெருமக்களே, தாய் ஹேமாவதி அம்மையாரைப் பறிகொடுத்துவிட்டு நம் முன்னால் உட்கார்ந்திருக்கும் மகள் மோகனப்பிரியா அவர்களே, இன்று ஏரிக்கும் கடலுக்கும் போகாமல் இந்தப் பந்தலில் கூடியிருக்கும் என் குப்பத்து மக்களே! எல்லோரையும் கும்பிடுகிறேன். இந்த ஊரில் வீடு கட்டும் மேஸ்திரி ஜெகதீஸ்வரன் பேசுகிறேன். மேடைப் பேச்சு எனக்குப் பழக்கமில்லை. ஆனால் இன்று பேசாமல் போனால், இனி எந்த முகத்தோடு சாந்துக் கரண்டியைத் தொடுவேன்?

பேராசிரியர் ஹேமாவதி அம்மையார் யார்? காட்டூரில் நெல் விளைவிக்கும் குடும்பத்தில் பிறந்தவர். நிலநடுக்கத்தில் கட்டடம் ஏன் விழுகிறது, எப்படிக் கட்டினால் நிற்கும் என்று முப்பது ஆண்டுகள் பாடம் சொன்னவர். ஓய்வு பெற்றதும் வீட்டில் உட்கார்ந்தாரா? இல்லை! நான்கு ஆண்டுகள், வாரம் தவறாமல், பஸ் ஏறி நம் ஊருக்கு வந்தார்.

நாம் என்ன செய்தோம்? சிரித்தோம்! "இங்க இன்னா மேடம் பூகம்பம் வரப்போவுது? எங்களுக்குத் தண்ணி வந்தாதான் பயம்" என்று நானே சொன்னேன். சுனாமிக்குப் பிறகு நம் வலைக்கூடத்தைப் பன்னிரண்டு பில்லர் மேல் தூக்கிக் கட்டினோமே, அந்தப் பயத்தால்தானே? கீழே சுவர் கிடையாது, வெறும் நிழல். பெண்கள் அங்கே உட்கார்ந்துதான் கிழிந்த வலையைத் தைப்பார்கள். அம்மையார் கோபப்படவில்லை. "தண்ணிக்கு உசத்திக் கட்டினது சரிதான் மேஸ்திரி. தரை ஆடிச்சின்னா மேல இருக்கிற பாரமெல்லாம் இந்தக் காலுங்கதான் தாங்கணும். அதுக்கு பலம் இருக்குதா?" என்று கேட்டார்.

ஏரியில் எந்தக் குடும்பம் எந்த நாள் வலை போடுவது என்று சீட்டுப் போட்டுப் பாடு பிரிக்கிறோமே, புதிய பள்ளிக்கூடம் கட்டும்போது நல்ல தண்ணீர் சுமக்க அதே முறையில் வீட்டுக்கு ஒரு நாள் பிரித்துக் கொடுத்தவர் அவர். உப்புத் தண்ணீர் ஊற்றினால் உள்ளே கம்பி துருப்பிடித்து, கான்கிரீட்டையே பிளந்துவிடும் என்று வீடு வீடாகச் சொன்னார். லோகநாயகி அக்கா சண்டைக்கே போனார். "குடிக்கவே தண்ணி இல்ல, செவுத்துக்கு ஊத்தச் சொல்றியேம்மா!" அம்மையார் முதல் குடத்தைத் தன் இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டார். போன மாதம் நிலம் ஆடியதே, அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு விரிசல் உண்டா?

ஆனால் வலைக்கூடம் விழுந்தது. அதைக் கட்டியவன் நான்.

நிலம் ஆடுவதற்குப் பத்து நாள் முன்பு அம்மையார் அந்தப் பில்லர்களைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று திரும்பி, "நெசமா சொல்லு மேஸ்திரி, இதுக்கு இன்னா தண்ணி ஊத்தின?" என்றார். "டேங்கர் தண்ணிதான் மேடம்" என்றேன். பொய்! டேங்கர் வராத வாரத்தில் ஏழு பில்லருக்கு நம் ஏரியின் உப்புத் தண்ணீரைத்தான் ஊற்றினேன். அது எத்தனை பெரிய தப்பு என்பது கட்டிப் பல வருஷம் கழித்து அவர் சொன்ன பிறகுதான் எனக்கே தெரியும். தெரிந்தும் தொழிலில் எனக்கிருந்த பேர் போய்விடுமே என்று மறைத்தேன். "அப்ப அடுத்த மாசம் பலப்படுத்திக்கலாம்" என்று என்னை நம்பிச் சொன்னார். உண்மையைச் சொல்லியிருந்தால், அன்றைக்கே அந்த நிழலில் ஒருவரையும் உட்கார விட்டிருப்பாரா?

காலை பதினொரு மணிக்கு நிலம் ஆடியது. சில நொடிகள்தான். நின்ற பிறகும் பில்லர்கள் வெடித்துக்கொண்டே இருந்தன. பெண்கள் எழுந்து ஓடினார்கள். அவர்களோடு வலை தைத்துக்கொண்டிருந்த பூவிழியால் மட்டும் ஓட முடியவில்லை. வலைக் கண்ணியைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்துத்தானே தைப்பார்கள்? பதறியதில் இரண்டு காலும் வலைக்குள் சிக்கிக்கொண்டன. வெளியே நின்ற அம்மையார் உள்ளே ஓடினார். கட்டடம் எப்படி விழும் என்று அவருக்குத் தெரியாதா? தெரிந்தேதான் ஓடினார்! கீழே கிடந்த கத்தியால் வலையை அறுத்து, பூவிழியை வெளியே தள்ளினார். அவர் வெளியே வரவில்லை.

உடைந்த பில்லருக்குள் நான் பார்த்தேன். கம்பி இருந்த இடத்தில் துருதான் இருந்தது. அம்மா மோகனப்பிரியா, உங்கள் தாயைக் கொன்றது நிலநடுக்கம் இல்லை. என் பொய். மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

கூடத்தில் மிச்சம் நிற்பதைச் செப்பனிட்டு அம்மையார் பெயரை வைக்கலாம் என்று தலைவர் சொன்னார். வேண்டாம் தலைவரே! அதை இடித்துத் தள்ளுவோம். அவர் பெயரைச் சொல்லி ஒரு வேலை செய்ய வேண்டுமானால், அது வேறு.

அதே ஏரித் தண்ணீரில் இந்த ஊரில் பத்தொன்பது வீடுகள் கட்டியிருக்கிறேன். எவை என்று எனக்கு மட்டும்தான் தெரியும். தலைவரே, உங்கள் வீடும் அதில் ஒன்று. அம்மையாரின் மாணவர், பொறியாளர் விஜயராகவன், இங்கே வந்திருக்கிறார். நாளைக் காலை அவரை அழைத்துக்கொண்டு அந்தப் பத்தொன்பது வாசலுக்கும் வருவேன். எந்தப் பில்லரில் என்ன ஊற்றினேன் என்று காட்டுவேன். கடைசிப் பில்லர் பலப்படும் வரை, அம்மையார் செய்த வேலையை விடமாட்டேன். என்னைத் திட்டுங்கள், காறித் துப்புங்கள். கதவை மட்டும் திறங்கள்!

என் மகள் அம்பிகா மூன்றாவது வரிசையில், பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவள் குடியிருக்கும் வீட்டைக் கட்டியதும் நான்தான். அதில் என்ன தண்ணீர் ஊற்றினேன் என்பது இந்த நிமிடம்தான் அவளுக்குத் தெரிகிறது. நாளை நான் தட்டும் முதல் கதவு அவளுடையது.