பேக்கரிக்காரரின் மகள் பணிஸ் வேண்டாம் என்றாள்

பசியில்லாத பிள்ளை தின்பண்டத்துக்குக் கை நீட்டினால், கொடுப்பது அன்பா, மறுப்பது அன்பா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

தெமோதரையிலிருந்து பதுளைக்குப் போகும் பஸ்ஸில், கொழுகொழுவென்றிருக்கும் என் மூன்று வயது மகனை மடியில் வைத்திருந்தேன். முன் ஆசனத்தில் பருத்த மனிதர் ஒருவரும், அவரைப் போலவே பருத்த பள்ளிக்கூட வயது மகளும். அவர் நீட்டிய சீனிப் பணிஸை, அதாவது சீனி தூவிய பன்னை, அவள் வாங்கவில்லை.

"மகள், நீ மெலிஞ்சா நம்ம பேக்கரிய யாரு நம்புவாங்க?"

"வேணாம் வாப்பா. ஸ்கூல்ல இப்ப காலையில எல்லாரும் கிரவுண்ட சுத்தி ஓடணும். நான்தான் கடைசி."

"சிரிக்கிறாங்களா?"

"இல்ல. டீச்சர் என்கூடவே ஓடுறாங்க. வீட்லயும் யாராவது கூட நடக்கணுமாம்."

"உம்மாவக் கேளேன்."

"உம்மாக்கு முழங்கால் வலி. நீங்கதான் வரணும்."

அவர் முகம் வாடியது. "வாப்பா கையால சுட்டது, மகள்."

"தெரியும் வாப்பா. ஞாயித்துக்கிழமை தாங்க, தின்னுறேன். இன்னைக்கி நடப்போம்."

அவர் பணிஸைக் காகிதத்தில் சுற்றி வைத்தார். பதுளைக்கு ஒரு பஸ் தரிப்பு முன்னாலேயே மணிக் கயிற்றை இழுத்து, இறங்க எழுந்தார்.

"ஓட மாட்டேன். நடக்க மட்டுந்தான், சொல்லிட்டேன்."

பஸ் அவர்களைக் கடந்தபோது, முன்னால் போன மகள் அவருக்காக நின்று கை நீட்டிக்கொண்டிருந்தாள்.

என் மகன் பிஸ்கட் கேட்டான். ஜன்னல் வழியே ஆற்றைக் காட்டினேன், அழுதான், கொடுத்துவிட்டேன். பிள்ளையின் மனம் நோகாமல் மறுக்கத் தெரிந்த தாய்மார்களே, எப்படி என்று எனக்கு எழுதுங்கள்.