ஊதினா சைபர்

– இன்னொரு தடவை ஊதுங்க, தம்பி.

– ரெண்டு தடவை ஊதியாச்சே மேடம்.

– மூணாவது தடவை ஊதினா ஒண்ணும் குறைஞ்சு போயிடாது. தீயணைப்புல இருக்கற ஆளுக்கு மூச்சுக்கா பஞ்சம்? நல்லா இழுத்து, விடாம ஊதுங்க. ம்… போதும். பாருங்க, இதுவும் சைபர்.

– மிஷின் ரிப்பேரா இருக்கும்.

– காலைல உங்களுக்கு முன்னாடி வந்தவரு ஊதினப்போ கத்துச்சு. இன்னிக்குப் பேச வேணாம், நாளைக்குத் தெளிவா வாங்கன்னு அனுப்பி வச்சேன். உங்களுக்கு மட்டும் ரிப்பேர் ஆயிடுச்சா?

– நான்தான் குடிச்சேன்னு ஒத்துக்கறேன்ல மேடம். அவ்ளோதான். மிஷின் எதுக்கு?

– எப்போ குடிச்சீங்க?

– காலைல. எந்திரிச்சதும்.

– காலைல குடிச்சிருந்தா இந்நேரம் இது ஊரைக் கூட்டியிருக்கும்.

– அப்போ நேத்து ராத்திரி. எல்லாத்தையுமா ஞாபகம் வச்சுக்க முடியும்?

– தம்பி, நான் இந்தக் கவுன்சிலிங் நாற்காலியில உக்காந்து தலை நரைச்சவ. குடிச்சுட்டு குடிக்கலைன்னு அடிச்சுச் சொல்றவங்களை தினமும் பாக்கறேன். குடிக்காம குடிச்சேன்னு சொல்ற ஆளை இன்னிக்குத்தான் பாக்கறேன்.

– எங்க அக்கா போன்ல சொல்லிட்டாங்கல்ல. அப்புறம் என்ன.

– என்ன சொன்னாங்கன்னு தெரியுமா?

– வாஷிங் மிஷினுக்குப் பின்னாடி பாட்டில் இருக்கு. நாளுக்கு நாள் குறையுது. அதானே? அது என் பாட்டில்தான். பழைய பாட்டில். நான்தான் ஒளிச்சு வச்சேன்.

– ஒளிச்சு வச்சது நீங்கதான், நம்பறேன். உங்க அக்கா என்கிட்ட அழுதாங்க. என் தம்பி திரும்ப ஆரம்பிச்சுட்டான், நீங்களும் கைவிட்டுடாதீங்கன்னு அழுதாங்க. சாயங்காலம் உங்க ஸ்டேஷன் ஆபீசர் கூப்பிடுவாரு. ஆளைத் திரும்ப வண்டியில ஏத்தலாமா, வேணாமான்னு கேப்பாரு. குடிச்சேன்னு நீங்க சொன்னா நானும் அதைத்தான் சொல்லணும். அப்புறம் ஏணியும் கிடையாது, குழாயும் கிடையாது. தெரிஞ்சுதான் பேசறீங்களா?

– தெரியும்.

– அந்த வேலைக்குத் திரும்பணும்னுதானே இவ்வளவு பாடு பட்டீங்க?

– பட்டேன். இப்போ வேணாம்.

– எத்தனை இடம் அலைஞ்சீங்கன்னு மறந்து போச்சா? குடியை நிறுத்தற வார்டுல என்ன சொன்னாங்க?

– முதல்ல குடியை விடு, ராத்திரி வர்ற கெட்ட கனவை அப்புறம் பாத்துக்கலாம்னாங்க.

– மனநல டாக்டர்?

– குடியை விட்டுட்டு வா, அப்போதான் கனவுக்கு மருந்துன்னாரு. ரெண்டு பேரும் சேர்ந்து என்னைப் பந்தாடினாங்க. அந்தக் கனவு வராம இருக்கத்தான் மேடம் நான் குடிச்சதே. அதை விட்டுட்டு வான்னா எப்படி வர்றது? நீங்க ஒருத்தர்தான் ரெண்டும் ஒரே முடிச்சு, சேர்த்துத்தான் அவிழ்க்கணும்னு சொன்னீங்க.

– சொன்னேன். அவிழ்ந்துக்கிட்டும் வந்துச்சு. போன வாரம்கூட அந்த லிஃப்டுல நடந்ததை முதல்லேருந்து கடைசி வரைக்கும் சொன்னீங்க. மாடி பூரா புகை, லிஃப்டு நடுவுல நின்னு போச்சு, உள்ள அந்தப் பொண்ணு தட்டிக்கிட்டே இருக்கு. நீங்க வெளியில கம்பியை வச்சு நெம்பிக்கிட்டே…

– வந்துட்டேம்மா, வந்துட்டேம்மான்னு கத்தறேன். அவ மூணு தட்டு தட்டறா, நிறுத்தறா. மூணு தட்டு, நிறுத்தறா. அப்புறம் ரெண்டு. அப்புறம் இல்ல. அவ்ளோதான்.

– பாத்தீங்களா, முழுசாச் சொல்லிட்டீங்க. முன்னாடி இதைச் சொல்ல ஆரம்பிச்சாலே வாந்தி எடுப்பீங்க. உங்களுக்காக வச்சிருந்த வாளியை நேத்துதான் உள்ள எடுத்து வச்சேன். இப்படித் தேறி வர்ற ஆளு எதுக்குப் பாட்டிலைத் தேடிப் போகணும்?

– விடுங்க மேடம். குடிகாரன் குடிக்கிறான். இதுல என்ன ஆராய்ச்சி.

– சரி, விட்டுட்டேன். உங்க வீட்டுக்காரங்க எங்க? எப்பவும் கூட வருவாங்களே.

– வண்டியில இருக்கா. தலைவலியாம். உள்ள வர வேணாம்னு நான்தான் சொன்னேன்.

– வீட்டுப் பாடம் நடக்குதா?

– நடக்குது. இங்க நான் சொன்னதை போன்ல பதிஞ்சு குடுத்தீங்கல்ல, அதை தினமும் முழுசாக் கேக்கறேன். ஒரு நாள்கூட விடலை. முதல்ல உசுரு போய் உசுரு வந்துச்சு. இப்போ ரேடியோவுல செய்தி கேக்கற மாதிரி இருக்கு.

– எங்க உக்காந்து கேக்கறீங்க?

– சமையக்கட்டுல. கீழ, சுவத்துல சாஞ்சுக்கிட்டு.

– அங்க எதுக்கு? ரூம்ல கதவைச் சாத்திக்கிட்டுக் கேக்கச் சொல்லியிருந்தேனே.

– கதவைச் சாத்த விடமாட்டேங்கறா மேடம்.

– யாரு?

– யாரும் இல்ல. நான்தான். எனக்குத்தான் கதவைச் சாத்தினா ஆகாதே.

– அது அப்போ. போன மாசமே பாத்ரூம்ல தாழ் போட்டுக் குளிச்சேன்னு சொல்லி என்கிட்ட சாக்லேட் வாங்கித் தின்னுட்டுப் போனீங்க. இப்போ சாத்த விடாதது யாரு?

– அவதான். ஏதோ புதுப் பழக்கம். பீரோவைக்கூட திறந்தே போட்டு வைக்கறா. கரப்பான் பூச்சி குடும்பம் நடத்துதுன்னு அக்கா கத்தறாங்க.

– இயர்போன் போட்டுத்தானே கேக்கறீங்க?

– போன்லதான் கேக்கறேன் மேடம்.

– தம்பி, இயர்போனைக் கேட்டேன்.

– காதை எதுவும் மூடக்கூடாது மேடம். மூடினா அன்னிக்குப் போட்டிருந்த புகை மாஸ்க் திரும்ப மூஞ்சில ஏறின மாதிரி ஆயிடும், மூச்சு முட்டும். முதல் நாளே கழட்டி வீசிட்டேன். ஸ்பீக்கர்ல போட்டுத்தான் கேக்கறேன்.

– அப்போ அவங்க எங்க இருப்பாங்க?

– பக்கத்துலதான். நான் எந்திரிச்சு ஓடிடாம கையைப் பிடிச்சுக்குவா. நான் இருக்கேன், கேளுங்க, முடியப் போகுது, கேளுங்கம்பா. அவ இல்லைன்னா நான் இந்த அளவுக்கு வந்திருக்கவே மாட்டேன்.

– தினமுமா?

– தினமும். பாதியில எந்திரிச்சுப் போனதே இல்ல.

– உங்களுக்கு எதிர்ல நான் இருந்தேன். மூச்சை எப்படி விடணும்னு சொல்லிக் குடுத்தேன். அழுது ஓஞ்சு, தண்ணி குடிச்ச பிறகுதான் வெளியில அனுப்பினேன். அவங்களுக்கு எதிர்ல யாரு இருந்தா?

– அவ தைரியசாலி மேடம். பிரசவத்துலகூட கத்தலை.

– காதுல மாட்டினீங்களான்னு நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். கேக்காம விட்டுட்டேன். அவங்க தூங்கறாங்களா?

– நல்லா தூங்கறா.

– எப்போலேருந்து?

– எப்பவும் போலத்தான்.

– போன மாசம் நீங்க என்ன சொன்னீங்க? நான் தூங்க ஆரம்பிச்சுட்டேன் மேடம், இப்போ அவ ராத்திரி பூரா உக்காந்திருக்கான்னு சொல்லலை? எப்போலேருந்து நல்லா தூங்கறாங்க, தம்பி?

– மேடம், கெஞ்சிக் கேக்கறேன். ஆபீசர்கிட்ட நான் குடிச்சேன்னே சொல்லிடுங்க. அந்தப் பேரு எனக்குப் பழகிப் போச்சு. ஸ்டேஷன்ல, தெருவுல, அக்காகிட்ட, எல்லார்கிட்டயும் வாங்கியாச்சு. இன்னும் கொஞ்ச நாள் என்கிட்டயே இருந்துட்டுப் போகட்டும். வேலை போனா போகட்டும், கூலி வேலைக்காவது போறேன். நீங்க இதுக்கு மேல எதுவும் கேக்காதீங்க.

– கொஞ்சம் இருங்க. வெளியில யாரு? கண்ணாடியில நிழல் தெரியுது. யாரா இருந்தாலும் உள்ள வாங்க.

– நான்தான் மேடம். தட்டலாம்னு கையைத் தூக்கினேன். ரொம்ப நேரமா நிக்கறேன். தட்ட வரலை.

– உன்னை வண்டியிலதானே உக்காரச் சொன்னேன்? எதுக்கு வந்தே? மேடம், இவளுக்கு ஒண்ணும் தெரியாது, இவகிட்ட எதுவும் கேக்காதீங்க. நீ போம்மா. நான் பேசிட்டேன், எல்லாம் முடிஞ்சுது.

– அவங்க இருக்கட்டும், தம்பி. நீங்க உக்காருங்கம்மா. கதவு திறந்தே இருக்கட்டும். கொஞ்சம் தண்ணி தரட்டுமா?

– தண்ணி வேணாம் மேடம். அந்த மிஷினைக் குடுங்க, நான் ஊதறேன்.