மேல்குட்டைக்கு ஒரு ஜீப்

— அதான் சொல்றேன் சார், பொன்னாடையை மடிச்சி பையில வெக்காதீங்க. போத்திக்கினே பஸ் ஏறுங்க. டெல்லி ஆபீசரு ஒரு வருசம் நம்ம சாமை விவசாயிங்க சங்கத்துல அயல்பணி பாத்துட்டுப் போறாருன்னு கண்டக்டருக்காவது தெரியட்டும்.

— கிண்டல் வேண்டாம் அமுதவல்லிம்மா. ஆலங்காயம் பஸ் வர இன்னும் அரை மணி நேரம்தான் இருக்கு. டெல்லி போனதும் நான் ரிப்போர்ட் குடுக்கணும். நீங்க சங்கத்தோட செயலாளர். இந்தக் கோகுலகிருஷ்ணனால எங்களுக்கு இன்ன பிரயோஜனம்னு நாலு வரி சொல்லுங்க, எழுதிக்கறேன்.

— எழுதிக்கோங்க. மொதல் மாசம், சாமைக்கும் தினைக்கும் வித்தியாசம் கத்துக்கினாரு. ரெண்டாவது மாசம், மறந்துட்டாரு.

— அம்மா!

— மூணாவது மாசம், நேரத்தை எப்டி மிச்சம் பண்றதுன்னு ட்ரெய்னிங் குடுத்தாரு. விடியறதுக்கு முன்னாடி எழுந்து களை எடுத்துட்டு வந்த பொம்பளைங்களுக்கு. ட்ரெய்னிங்குக்கு அவரே ஒரு மணி நேரம் லேட்டு.

— டெக்னிக்கலா அன்னிக்கு ப்ரொஜெக்டர்தான் லேட்டு. நான் இல்ல. சரி, கைரேகை மெஷின் வெச்சேனே, அதை எழுதலாமா?

— தாராளமா. களை புடுங்கி ரேகை தேஞ்ச கைங்க, மெஷினு ஒருத்தரையும் ஒத்துக்கல. உங்க வெரலை மட்டும்தான் ஏத்துக்கிச்சி. ரெக்கார்டு படி ஒரு வருசமா இந்த சங்கத்துக்கு வந்து போனவரு நீங்க ஒருத்தருதான்.

— போதும், போதும்.

— எங்க சார் போதும்? ஆகஸ்ட் மாசத்தைப் பெருசா எழுதணும். மலை உச்சியில இருக்கற மேல்குட்டை ஊருக்கு சர்வே எடுக்கப் போறேன்னு போயி, பாறையில வழுக்கி, கணுக்கால் ஒடஞ்சி...

— அது எதுக்கு ரிப்போர்ட்ல?

— அங்கேர்ந்து ரோட்டுக்கு ஏழு கிலோமீட்டரு. மூங்கில் கழியில போர்வையைக் கட்டி டோலியில தூக்கினு வந்தாங்க. தூக்கினவங்கள்ல சின்னராசுக்கு இன்னும் தோள்பட்டை வலி போவல. எத்தினியோ புள்ளத்தாச்சிங்களைத் தூக்கியிருக்காரு, யாரும் இந்த கனம் கனக்கலன்றாரு.

— எண்பத்திநாலு கிலோ. ஒத்துக்கறேன். அவர்கிட்ட நாலு தடவை ஸாரி சொல்லிட்டேன்.

— அவருக்கு உங்க மேல கோவம் இல்லிங்க. வழியில மூணு தரம் எறக்கி வெச்சாங்களாம், மூணு தரமும் 'இங்க ஏன் ஒரு ஜீப் இல்ல'ன்னு கேட்டீங்களாம். அதை சொல்லிச் சொல்லி சிரிக்கறாரு.

— வலி தாங்காம கேட்டிருப்பேன்.

— கேட்டதுல இன்னா தப்பு? நீங்க வர்றதுக்கு முன்னாடியே நாங்களும் அதைத்தான் கேட்டோம். மண் பாதை சார், நாலு சக்கரமும் இழுக்கற ஜீப்பா இருந்தா ஏறிடும், மூட்டையும் ஏத்தலாம், நோயாளியையும் ஏத்தலாம்னு உங்க ஆபீசுக்கு எழுதினோம். வந்த பதில் தோ இருக்கு. படிக்கட்டுமா?

— வேண்டாமே.

— 'தற்போதுள்ள போக்குவரத்து வசதி ஏன் போதுமானதாக இல்லை என்பதை விளக்கவும்.' அந்த வசதியிலதான் நீங்க ஏழு கிலோமீட்டரு வந்தீங்க. சீட்டு சௌரியமா இருந்துச்சா சார்?

— அமுதவல்லிம்மா... அந்த லெட்டர் நான் போட்டது. டெக்னிக்கலா அது எல்லா ஊருக்கும் போற வரிதான். பாதிப் பேர் பதிலே அனுப்ப மாட்டாங்க. ஃபைல் அதோட முடிஞ்சிடும்.

— நாங்க அனுப்பினோம். ரெண்டு பக்கம். என் தங்கச்சி வெண்ணிலாவைப் பத்தி எழுதியிருந்தேன். டோலியிலயே கொழந்தை பொறந்து, ரோட்டுக்கு வர்றதுக்குள்ள போயிடுச்சி. நீங்க படிச்சீங்களா சார்?

— இல்ல. அது வந்த வாரம்தான் என்னை இங்க போகச் சொல்லி ஆர்டர் வந்துச்சி. அவசரத்துல பீரோவுல வெச்சி பூட்டிட்டு வந்துட்டேன்.

— ராஜ்குமாரும் அதான் சொன்னாரு.

— யாரு, உங்க க்ளார்க்கா?

— உங்களுக்கு மாத்தா நாங்க டெல்லிக்கு அனுப்பினோமே, அவருதான். உங்க சீட்டுலதான் ஒரு வருசமா குந்தினு இருக்காரு. பீரோ எதிர்லயே நிக்குதாம், தொறக்க சாவி இல்லையாம். மேல எழுதிக் கேட்டதுக்கு, 'சாவி சம்பந்தப்பட்ட அலுவலர் வசம் உள்ளது, அவர் அயல்பணியில் உள்ளார்'னு பதில் குடுத்தாங்களாம்.

— சாவியா? இருங்க, கொத்தைப் பாக்கறேன். இது வீட்டுச் சாவி. இது பைக். இது... ஐயோ.

— நல்லா இருக்குது சார். எங்களுக்கு உதவி பண்ண வந்த மனுசன், எங்க ஃபைலைப் பூட்டி சாவியை எடுத்துக்கினு எங்க மலைக்கே வந்துட்டாரு! சின்னராசு தூக்கின கனத்துல அதுவும் சேத்தி.

— எனக்கு வெக்கமா இருக்கு.

— வெக்கம் ஒரு பக்கம் இருக்கட்டும். வெண்ணிலாவுக்கு மறுபடி மூணு மாசம். அவளை அந்தக் கழியில ஏத்தறதை நெனச்சா எனக்கு சோறு எறங்கல. பயமா இருக்கு சார், அவ்ளோதான்.

— திங்கக்கிழமை போனதும் மொதல் வேலை பீரோவைத் திறக்கறதுதான். நானே டோலியில வந்தவன்னு என் கைப்பட எழுதி, ஜீப் கட்டாயம் வேணும்னு பரிந்துரை பண்றேன். சத்தியமா.

— அப்போ ஜீப் வந்துடும்.

— அது வந்து... டெக்னிக்கலா நான் பரிந்துரைதான் பண்ண முடியும். கடைசிக் கையெழுத்து எங்க டைரக்டர் போடணும்.

— போட மாட்டாரா?

— கஷ்டம்மா. ஏசி ரூமை விட்டு எறங்காத ஆளு. மலைன்னா ஹோட்டல் இருக்கற எடம்னு நெனச்சிட்டிருக்காரு. நான் வந்து பாத்தேன், எனக்குப் புரிஞ்சுது. நூத்திநாப்பது பேர் இருக்கற ஆபீஸ்ல சரியா என்னை இந்த மலைக்கு அனுப்பணும்னு யாருக்கோ தோணிச்சே, அது உங்க அதிர்ஷ்டம்.

— ரைட்டுங்க சார். உங்க டைரக்டரு பேரு இன்னா?

— எதுக்கு?

— இந்த வருசத்து அயல்பணிக்கு ஃபாரம் வந்திருக்கு, வர்றவங்க அடுத்த மாசமே சேரணுமாம். 'எந்த அலுவலர் தேவை'ன்னு அதுல ஒரு கட்டம் இருக்குது. போன வருசம் இந்த லெட்டருக்கு அடியில இருந்த பேரைப் பாத்துதான் எழுதினேன். இன்ஷியலோட சொல்லுங்க சார், பஸ் வர்றதுக்குள்ள எழுதிடறேன்.