பிரேக் இப்ப நல்லா இருக்குங்க

கையை எடுக்காதீங்க, நீங்க தடவிப் பாத்தது சரியான இடந்தான். இடது பக்க மட்காடு மட்டும் ஒரு சாயல் கம்மியா இருக்கும். மத்ததெல்லாம் ஒரே வாரத்துல அடிச்ச பெயிண்ட்டு, இது நாலு மாசம் கழிச்சு அடிச்சது. அதே கடை, அதே நம்பர், டப்பா வேற. எத்தனை தேய்ச்சும் கலர் சேரல. வர்றவங்கள்ல பாதிப் பேருக்கு இது கண்ணுக்கே படாது. உங்களுக்குப் பட்டுடுச்சு, மறைச்சு என்ன ஆகப்போகுது, இடிச்சதுதான். எங்கப்பா ஓட்டிட்டுப் போய் ஸ்கூல் சுவத்துல இடிச்சிட்டாரு. அப்படித்தான் இந்தத் தெருவுல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க.

இல்லீங்க, அடிச்சட்டம் வளையல. நம்பிக்கை இல்லேன்னா குனிஞ்சு பாருங்க. இந்த டார்ச்சைப் பிடிங்க. துரு எங்கயாவது தெரியுதா? தெரியாது. ரெண்டு வருஷ ஞாயித்துக்கிழமை அதுல போயிருக்குங்க.

இந்தக் கார் வந்த கதையா? நான் அஞ்சாவது படிக்கறப்ப அப்பா வாங்கினாரு. அப்பவே இது வேற ஒருத்தர் ஓட்டின வண்டி. அக்காவை ஆஸ்பத்திரியிலேர்ந்து குழந்தையோட கூட்டிட்டு வந்தது, என் கல்யாணம், வீடு மாறினது, எல்லாம் இதுலதான். அப்பா ஆம்புலன்ஸ் டிரைவர். முப்பத்தொரு வருஷம். சைரன் போட்டா எல்லாரும் ஒதுங்கிடுவாங்கன்னு நாம நினைக்கிறோம், ஒருத்தனும் ஒதுங்க மாட்டானாம். அந்த நெரிசல்ல முப்பத்தொரு வருஷமும் ஒரு கீறல் போட்டதில்ல. ரிட்டயர் ஆனப்ப அவங்க ஆபீஸ்ல பேசினவங்க எல்லாரும் அதைத்தான் பேசினாங்க. அப்பா அன்னிக்கு வீட்டுக்கு வந்து சட்டையைக் கழட்டாமயே ரொம்ப நேரம் உக்காந்திருந்தாரு. அவருக்குன்னு ஒரு பெருமை இருந்துச்சுன்னா அது ஒண்ணுதான்.

அப்புறம் வண்டி நின்னுபோச்சு. ஒம்போது வருஷம் இந்த ஷெட்டுலயே உறை போட்டுக் கிடந்துச்சு. எலி சீட்டுக்குள்ள குடித்தனம் நடத்துச்சு. காயலான் கடைக்காரன் ரெண்டு தடவை வந்து கேட்டான். ஒருநாள் எனக்கு என்ன தோணுச்சோ, நானே சரி பண்றேன்னு சொல்லிட்டேன். நான் மெக்கானிக் இல்லீங்க. கண்ணாடிக் கடையில பவர் பாக்கறவன். ஆனா கை நல்லா வரும். சின்ன ஸ்குரூ, நுணுக்கமான வேலையெல்லாம் சலிக்காம பண்ணுவேன். போன்ல வீடியோவைப் பாத்துப் பாத்து ஒவ்வொண்ணா கத்துக்கிட்டேன். தரைத் தகட்டைப் பிச்சு எடுத்து வெல்டு வெச்சேன். கார்புரேட்டரைக் கழட்டி சாப்பாட்டு மேஜை மேல பரப்பினேன். என் வீட்டுக்காரி மூணு நாள் என்கிட்ட பேசல, தட்டை மட்டும் டங்குன்னு வெச்சிட்டுப் போவா.

சிரிங்க, சிரிங்க. அந்த ரெண்டு வருஷம் நல்லாத்தான் இருந்துச்சு.

அப்பா இதோ இந்த நாற்காலியிலதான் உக்காந்திருப்பாரு. கையைக் காலை வெச்சிட்டு சும்மா இருக்க மாட்டாரு, அதைப் பிடி, இதைத் துடைன்னு சொல்லிட்டே இருப்பாரு. நானும் சரிப்பா சரிப்பான்னுட்டு எனக்குத் தோணினதைப் பண்ணுவேன். ஒரே ஒரு விஷயத்துல மட்டும் கறாரா இருந்தாரு. எல்லாத்தையும் நீ பண்ணு, பிரேக்கை மட்டும் மெக்கானிக்கைக் கூப்பிட்டுப் பண்ணிக்கோ, அதுல விளையாடாதன்னாரு. ஒரு தடவை இல்லீங்க, நாலஞ்சு தடவை. எனக்கு அது பிடிக்கல. ஒரு நட்டுல கூட வெளியாள் கை படலன்னு சொல்லிக்கணும்னு ஆசை. பழைய வண்டி போட்டோ போடற வாட்ஸ்அப் குரூப் ஒண்ணு இருக்கு, அதுல ஏற்கெனவே அப்படி எழுதியும் விட்டுட்டேன். தலைக்கனம்தான், வேறென்ன. பிரேக்கையும் நானே பிரிச்சு நானே மாட்டினேன். அப்பா ரெண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வெச்சிட்டிருந்தாரு, அப்புறம் விட்டுட்டாரு.

என்னது, விக்கற காரணமா? அதுக்குத்தான் வரேன்.

எல்லாம் முடிஞ்சு ஒரு வாரம் நானே ஓட்டிப் பாத்தேன். நல்லா ஓடிச்சு. கடைசி ரெண்டு நாள் பிரேக் கொஞ்சம் கெட்டியா இருந்த மாதிரி இருந்துச்சு, புதுசுதானே, பழகிடும்னு விட்டுட்டேன். அடுத்த ஞாயித்துக்கிழமை அக்கா குடும்பத்தோட வந்திருந்தா. அப்பாகிட்ட சாவியைக் குடுத்தேன். அவரு சாவியை வாங்கின விதத்தை நீங்க பாத்திருக்கணும். உள்ள போய் சட்டை மாத்திட்டு, தலையை வாரிட்டு வந்தாரு. அம்மாவை முன்னாடி உக்கார வெச்சாரு. நாங்க எல்லாரும் வாசல்லயே நின்னோம். தெருவை ஒரு சுத்து சுத்தினாரு, கையை ஆட்டிட்டே ரெண்டாவது சுத்து போனாரு. தெருக்கோடியில இறக்கம் ஒண்ணு இருக்குல்ல, நீங்க வந்த வழிதான், அங்க திரும்பணும். திரும்பல. சத்தம் இங்க வரைக்கும் கேட்டுச்சு.

ஓடினோம். மட்காடு நசுங்கியிருந்துச்சு, வேறொண்ணும் பெருசா இல்ல. அம்மா கையை ஊனியிருக்கா, மணிக்கட்டு முறிஞ்சிடுச்சு. அப்பா கீழ இறங்கி நிக்கிறாரு. என்னைப் பாத்துத்தான் சொன்னாரு, வேற யாரையும் பாக்கல. மிதிச்சேன்டா, கீழ போயிடுச்சு.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? யாரும் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி நான்தான் சொன்னேன். இல்லப்பா, நீங்க பிரேக்குன்னு நினைச்சு ஆக்சிலேட்டரை மிதிச்சிட்டீங்க.

பொய்யின்னு தெரிஞ்சு சொல்லலீங்க. ரெண்டு வருஷம் பாத்துப் பாத்துப் பண்ண என் வேலையில குத்தம் இருக்கும்னு என் மனசு ஒத்துக்கல, வாய்ல அது வந்துடுச்சு. அக்கா அதை அப்படியே பிடிச்சிக்கிட்டா. அம்மாவை இந்தக் கதி பண்ணிட்டீங்களேன்னு அழுதா. எழுபத்திமூணு வயசுல எதுக்குப்பா ஸ்டியரிங்னு கேட்டா. தெரு மொத்தமும் கூடி நின்னுச்சு. வயசானவங்க இப்படி மாத்தி மிதிக்கறது பேப்பர்ல கூட தினம் வருதுன்னு ஒருத்தர் எடுத்துக் குடுத்தாரு. அப்பா மறுபடியும் கீழ போயிடுச்சுன்னு சொன்னாரு, யாரும் கேக்கல. மூணாவது தடவை அவரு சொல்லல.

அதுக்கப்புறம் வண்டியைத் தள்ளணும்னு நான் உள்ள உக்காந்தேன். ஹேண்ட் பிரேக் மேல ஏறி நிக்குது, உச்சி வரைக்கும் இழுத்திருக்காரு. அதனாலதான் மட்காட்டோட போச்சு. நீங்களே சொல்லுங்க, ஆக்சிலேட்டரை பிரேக்குன்னு நினைச்சு மிதிக்கறவன் அந்த ஒரு நொடியில ஹேண்ட் பிரேக்கை இழுப்பானா? கால்ல பிரேக் இல்லைன்னு தெரிஞ்சவன்தான் இழுப்பான். நான் அந்த ஹேண்ட் பிரேக்கைச் சத்தமில்லாம இறக்கி விட்டுட்டு வண்டியைத் தள்ளச் சொன்னேன்.

இருங்க, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கோங்க. இன்னும் கொஞ்சம்தான்.

மறுநாள் காலையில லீவு போட்டுட்டு பானெட்டைத் தூக்கினேன். பிரேக் ஆயில் ஊத்தற கப்பு இருக்குல்ல, இதோ இது. மூடிக்குள்ள ஒரு ரப்பர் வளையம் இருக்கும். அது ஊறிப்போய் ரெண்டு மடங்கு ஆகியிருந்துச்சு. மூடி திரும்ப உக்காரவே மாட்டேங்குது. பிரேக் ஆயில் பட்டா ரப்பர் இப்படி ஆகாது. வேற ஆயில் பட்டாத்தான் ஆகும். விரல்ல தொட்டு மோந்து பாத்தேன். ஜாக்கி ஆயில். வண்டியைத் தூக்கற ஜாக்கி இருக்கு பாருங்க, அதுக்கு ஊத்தற ஆயில்.

ரெண்டும் தேன் கலர்லதான் இருக்கும். பிரேக் ஆயில் டின்னு மூடி ஒழுகுதுன்னு தண்ணி பாட்டில்ல மாத்தி வெச்சேன். ஜாக்கி ஆயில் கேன் பெருசு, கைக்கு அடக்கமா இல்லன்னு அதையும் தண்ணி பாட்டில்ல மாத்தி வெச்சேன். ஒரே மாதிரி பாட்டில், ஒரே அலமாரி. எழுதி ஒட்டியிருக்கலாம்ல? கடையில ஒரு நாளைக்கு நாப்பது லென்ஸுக்குச் சீட்டு எழுதி ஒட்றவன் நான். இடது கண்ணு லென்ஸ் வலதுக்குப் போயிடக் கூடாதுன்னு ரெண்டு தடவை படிச்சுப் பாப்பேன். வீட்டுல ஒட்டல. எங்கப்பாவும் அம்மாவும் ஏறப்போற வண்டிக்கு ஒட்டல. கப்புல ஆயில் கொஞ்சம் கம்மியா இருந்துச்சுன்னு கைக்கு வந்த பாட்டிலைச் சாய்ச்சுட்டேன். உள்ள இருக்கற ரப்பரெல்லாம் ஒரு வாரமா ஊறிட்டே இருந்து, அப்பா கால் வெச்ச அன்னிக்கு மடங்கிடுச்சு.

ஆமாங்க. அவரு சொன்னது நிஜம். மிதிச்சாரு, கீழ போயிடுச்சு.

உடனே உள்ள போய்ச் சொல்லியிருக்கணும். பத்தடி தூரம். அம்மா கையில கட்டுப் போட்டுட்டு உக்காந்திருக்கா, அப்பா அவளுக்குத் தலை வாரி விட்டுட்டிருக்காரு. வாசப்படி வரைக்கும் போனேன். அப்படியே திரும்பி வந்துட்டேன். வந்து என்ன பண்ணேன் தெரியுமா? நேரா கடைக்குப் போய்ப் புது ரப்பர் எல்லாம் வாங்கிட்டு வந்து, ஆயில் மொத்தத்தையும் வடிச்சுட்டு, சாயங்காலத்துக்குள்ள எல்லாத்தையும் மாத்திட்டேன். சரி பண்ணிட்டு அப்புறமா சொல்லிக்கலாம்னு நினைச்சேன்னு இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிட்டிருந்தேன். அது இல்லீங்க. திருடன் கையைக் கழுவற மாதிரி கழுவினேன், அவ்வளவுதான்.

அடுத்த வாரம் அக்கா வீட்டுக்காரர் வந்தாரு. நியாயமான மனுஷன். மாமா ரெண்டு தடவை சொன்னாரே, எதுக்கும் பிரேக்கை ஒரு பார்வை பாத்துடலாம்னு அவராவே வண்டியை எடுத்துட்டுப் போனாரு. பத்து தடவை மிதிச்சுப் பாத்துட்டு வந்து, பிரேக் கல்லு மாதிரி இருக்கு மாமான்னு சொன்னாரு. அப்பா இந்த நாற்காலியிலதான் இருந்தாரு. நான் பக்கத்துல நின்னேன். அப்பா மெதுவா எழுந்து உள்ள போய், லைசென்ஸை எடுத்துட்டு வந்து என் கையில குடுத்துட்டாரு. இதை நீயே வெச்சுக்கடா, என்னை நம்பி என் கையில இருக்க வேண்டாம்னாரு.

வாங்கி வெச்சிருக்கேங்க. கடை மேஜை டிராயர்ல கிடக்கு. தினமும் அந்த டிராயரைத் திறக்கறேன்.

ஒருநாள் என் கடைக்கு அப்பாவே நடந்து வந்தாரு, கண்ணைப் பாத்துச் சொல்லுடான்னு. பாத்தேன். அந்த வயசுக்கு அப்படி ஒரு பார்வையை நான் பாத்ததே இல்ல. கண்ணு பிரமாதமா இருக்குப்பான்னு சொன்னேன். அவருக்கு அது சந்தோஷமா இல்ல. அப்ப மூளைதான்போலன்னுட்டு எழுந்து போயிட்டாரு. கண்ணுல கொஞ்சம் கோளாறுன்னு சொல்லியிருந்தா ஒரு காரணமாவது கிடைச்சிருக்கும், நிம்மதியா இருந்திருப்பாரு. அன்னிக்குன்னு பாத்து எனக்கு நேர்மை வந்துடுச்சு.

இப்ப சைக்கிளையும் விட்டுட்டாரு. ரோட்டைக் கடக்கணும்னா அம்மா கையைப் பிடிச்சுக்கறாரு. அடுப்பை அணைச்சேனான்னு மூணு தடவை போய்ப் பாக்கறாரு. போன வாரம் ஜன்னல் வழியா பாத்தேன், கட்டில் ஓரத்துல உக்காந்துட்டு வலது காலைத் தரையில ஒரு இடத்துல அழுத்தறாரு, தூக்கிப் பக்கத்துல அழுத்தறாரு, திரும்ப முதல் இடம். தனக்குத்தானே பரீட்சை வெச்சுக்கறாரு. முப்பத்தொரு வருஷம் எத்தனை உசுரைக் கொண்டு போய்ச் சேத்த காலுங்க அது. நான் வெளிய நின்னு பாத்துட்டு, செருப்பைப் போட்டுட்டுக் கடைக்குப் போயிட்டேன். நாலு பேருக்குப் பவர் பாத்தேன், சாப்பிட்டேன்.

இந்த வண்டி கண்ணு முன்னாடி நிக்கக் கூடாது, அதாங்க விக்கற காரணம். கிளம்பறீங்களா? சரிங்க. இல்லீங்க, வண்டியில ஒரு குறையும் இல்ல. பிரேக் இப்ப நல்லா இருக்கு, நீங்களே ஓட்டிப் பாக்கலாம். ஓ. பரவால்லீங்க. நான் தப்பா நினைக்கல. எல்லாரும் இப்படித்தான் போறாங்க.

ஆமா, நீங்க ஆறாவது ஆளு. வந்த எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், ஒண்ணு விடாம. முகம் தெரியாதவங்கன்னா வாய் சரளமா வந்துடுது. ஒருத்தர் கேட்டே விட்டாரு, இதை என்கிட்ட எதுக்குங்க சொல்றீங்கன்னு.

கதவை மெல்ல சாத்திட்டுப் போங்க, அப்பா முன்ரூம்லதான் இருக்காரு. நீங்க போனதும் எழுந்து வருவாரு. ஒவ்வொருத்தர் போனதும் வந்து ஒரே கேள்விதான் கேக்கறாரு, நான் இடிச்ச வண்டிங்கறதாலதான் யாரும் வாங்க மாட்டேங்கறாங்களாடான்னு. நானும் ஆமாப்பான்னு சொல்லிடறேன்.